பயோசுக்குள் வேகம் வந்த கதை

"அண்ணே, புரொசெசர் ஸ்பீட கூட்டணும். சொஃப்ட்வெயார் போட்டுக் கூட்டவா, பயோசுக்குள்ள போய்க் கூட்டவா?"

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், கம்பளையிலோ நுவரெலியாவிலோ யாரோ பாவித்துக் கழித்த பீசி ஒன்றை வாங்கி வந்த கையோடு கேட்கிற கேள்வி இது. காணொளிகளில் ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், இன்னொருவர் மற்றதைச் சொல்கிறார். ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இந்த இரண்டு வழியும் எப்படிப் பிறந்தன, ஒன்று மற்றதை எப்படிக் கட்டிப்போட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் மண்டையில் நிற்கும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

பழைய மதர்போர்ட் ஒன்று கிடைத்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில், நீள்வட்டமாக, சுண்டு விரல் நகத்தளவுத் தகரக் குப்பி ஒன்று போர்டோடு ஒட்டி நிற்கும். அதன் தலையில் 14.318 என்று பொறித்திருக்கும். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் கிறிஸ்டல் துண்டு. கரண்ட் பட்டால் செக்கனுக்கு ஒரு கோடியே நாற்பத்து மூன்று இலட்சம் தடவை அதிரும். கணினிக்குள் நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் தாளம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. 1981இல் ஐபிஎம் பீசி வந்தபோது வீட்டு டிவியையே திரையாகப் பாவிக்க வசதி வைத்தார்கள். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியில் நிறத்தைச் சுமக்கும் சமிக்ஞை 3.58 மெகாஹேர்ட்ஸ். அதன் நாலு மடங்கு 14.318. அதே கிறிஸ்டலின் தாளத்தை மூன்றால் வகுத்து இன்டெல் 8088 சிப்புக்கும் கொடுத்தார்கள், 4.77 மெகாஹேர்ட்ஸ் வந்தது. அந்தச் சிப் 5 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடுவதற்கென்றே விற்கப்பட்டது. டிவிக்காகத் தேர்ந்த ஒரு கிறிஸ்டலே போதும் என்று அந்தக் கொஞ்ச வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு புரொசெசர் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதன் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது முதல் பீசியிலேயே இருக்கிறது.

இந்த வேகத்தில் ஆரம்பத்திலேயே கைவைத்துப் பார்த்தவர்கள் 1984இல் வந்த ஐபிஎம் ஏடீ மெஷினை வாங்கியவர்கள். அதில் 80286 புரொசெசர், வேகம் 6 மெகாஹேர்ட்ஸ். அதற்குத் தாளம் கொடுத்தது 12 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். ஐபிஎம் அந்தக் கிறிஸ்டலை ஈயம் வைத்து ஒட்டாமல், பிடுங்கி மாட்டக்கூடிய சொக்கெட்டில் செருகியிருந்தது. கடையில் சில டொலருக்கு 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்றை வாங்கி, பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் மெஷின் 8 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. 18 போட்டு 9இல் ஓட்டியவர்களும் உண்டு. திருகு கழற்றத் தெரிந்த எவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடக் கிடைத்தது.

ஐபிஎம் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1985 கடைசியில் எழுதிய புதிய பயோஸில் ஒரு சோதனையைச் சேர்த்தது: சுவிட்ச் போட்டவுடன் பயோஸ் தன் வேகத்தைத் தானே அளக்கும், குறித்த அளவை விடக் கூடுதலாக இருந்தால் மெஷின் மேற்கொண்டு எழும்பாது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்த இடம்தான். பயோஸ் வேகத்துக்குள் நுழைந்தது வேகத்தைக் கூட்டித் தருவதற்காக இல்லை, தடுப்பதற்காக. வின்டோஸோ டோசோ எழும்புவதற்கு முன்பே ஓடுகிற அந்தச் சின்ன நிரலிடம்தான் கடைசி அதிகாரம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

குறித்த எண்ணுக்கு மேல் சிப் எப்படி ஓடுகிறது? ஒரு சிலிக்கன் தட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் சிப்புகளை வெட்டி எடுப்பார்கள். வரைபடம் ஒன்றேயானாலும் ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமாக வாய்க்கும். சோதித்துத் தரம் பிரிப்பார்கள், தேயிலை ஃபெக்டரியில் ஒரே கொழுந்து சல்லடை ஏறி பீஓபி, பீஓபிஎஃப், டஸ்ட் என்று பிரிவது போல. ஆனால் சல்லடையில் பெரிய இலை சின்னக் கண்ணுக்குள் விழாது, சிப்பில் விழும். மலிவான ரகத்துக்கு ஓடர் அதிகம் என்றால், நன்றாக ஓடக்கூடிய சிப்பின் தலையிலும் சின்ன எண்ணையே அச்சடித்து அனுப்புவார்கள். அதோடு, வெக்கையான ஊரில், தூசி அடைத்த பெட்டிக்குள், பல வருடம் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்று ஓர் இடைவெளியும் விட்டு வைப்பார்கள். கூட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான்.

1992இல் 486 டீஎக்ஸ்2 வந்தபோது கணக்கு மாறியது. போர்ட் ஒரு தாளத்தில் ஓட, புரொசெசர் தனக்குள் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டது. அதிலிருந்து வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கம்: போர்டின் தாளம், அதற்கு மேல் பெருக்கி. பென்டியம் காலத்தில் இந்த இரண்டையும் மாற்ற மதர்போர்டில் ஊசி ஊசியாக நிற்கும் கம்பிகளில் ஜம்பர் மூடிகளைப் பிடுங்கிச் செருக வேண்டும். அரிசி மணி அளவு மூடி. கை நழுவினால் கேஸுக்குள் விழுந்து எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். எந்த ஊசியில் எந்த மூடி என்று சொல்கிற புத்தகம் போர்டோடு வராவிட்டால் கதை முடிந்தது.

இந்த இழவே வேண்டாம் என்று முடிவெடுத்தது தாய்வானின் அபிட் என்ற கம்பனி. 1996 வாக்கில் ஐடீ5எச் என்ற போர்டில் "சொஃப்ட் மெனு" என்று ஒரு பக்கத்தை பயோஸுக்குள் வைத்தது. டிலீட் பொத்தானை அமுக்கி உள்ளே போனால், போர்டின் தாளம், பெருக்கி, வோல்டேஜ் எல்லாம் திரையில் வரிசையாக நிற்கும். மேலும் கீழும் போய், பேஜ் அப், பேஜ் டவுன் அமுக்கி மாற்றிவிட்டுச் சேமித்தால் போதும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பதினொரு வருடத்துக்கு முன் ஐபிஎம் பூட்டாகப் பாவித்த அதே பயோஸை அபிட் சாவியாக்கியது.

அந்த மெனு வேலை செய்கிற விதம் எளிது. நீங்கள் தெரிவு செய்த எண்கள் ஒரு சின்ன நினைவகத்தில் பதிந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் அதை உயிரோடு வைத்திருப்பது போர்டில் இருக்கிற ஐந்து ரூபாய்க் குற்றி அளவு பெட்டரி. சுவிட்ச் போட்டதும் பயோஸ் அந்த எண்களை வாசித்து, தாளம் பிறப்பிக்கிற சிப்புக்கு உத்தரவு கொடுக்கும். கிறிஸ்டல் அதே 14.318தான்; அதை ஏற்றி இறக்கி வேண்டிய தாளமாக்குவது அந்தச் சிப். எண்கள் அளவு மீறிப்போனால் மெஷின் எழும்பாது, திரை கறுப்பாகவே கிடக்கும். அபிட் அதற்கும் வழி வைத்தது: இன்செர்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். தைரியமாக முயன்று பார்க்க விடுகிற ஒரு பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பொத்தான் நல்ல உதாரணம்.

மெனு தயாராக இருந்தது. அதற்கேற்ற சிப் 1998 ஓகஸ்ட் 24இல் வந்தது: இன்டெல் செலெரோன் 300ஏ. அந்த வருடம் ஏப்ரலில் வந்த முதல் செலெரோனில் செலவைக் குறைக்க இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகத்தை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். ஆமை போல ஊர்ந்தது. 300ஏயில் 128 கிலோபைட் கேஷை புரொசெசர் துண்டிலேயே வைத்து, புரொசெசரின் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். போர்டின் தாளம் 66, பெருக்கி நாலரை, ஆக 300 மெகாஹேர்ட்ஸ். பெருக்கியை இன்டெல் பூட்டிவிட்டது. காரணம், மலிவான சிப்பின் தலையில் பெரிய எண்ணை அச்சடித்து ஏமாற்றி விற்கிற கூட்டம் அப்போது பெருகியிருந்தது. ஆனால் போர்டின் தாளத்தைப் பூட்டவில்லை. அதை 100ஆக்கினால் 450 மெகாஹேர்ட்ஸ்.

இன்டெல்லின் பென்டியம் 2, 450 மெகாஹேர்ட்ஸ் சிப்பும் அதே நாளில்தான் வந்தது. விலை 669 டொலர். செலெரோன் 300ஏ 149 டொலர். பாதிக்குப் பாதி வேகம் கூட்டியும் பெரும்பாலான 300ஏக்கள் அசையாமல் ஓடின. 66இலிருந்து 100க்குத் தாவுவதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஹார்ட் டிஸ்க், சவுண்ட் கார்ட் எல்லாம் தொங்குகிற பீசிஐ வழி 33 மெகாஹேர்ட்ஸுக்கு அமைந்தது. 66ஐ இரண்டால் வகுத்தாலும் 33, 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. இடையில் 83இல் நிறுத்தினால் அந்த வழி 41இல் ஓடி, ஹார்ட் டிஸ்கில் இருப்பது கெட்டுப்போகும். தாளத்தைத் தானாகவே தெரிவு செய்கிற போர்டுகளில், சிப்பின் பி21 என்ற தொடுமுனையை டேப் துண்டாலோ நகப்பூச்சாலோ மூடினார்கள். போர்ட் அதை 100 என்று எடுத்துக்கொண்டது. அபிட்டின் பீஎச்6 போர்ட் வைத்திருந்தவர்களுக்கு நகப்பூச்சும் தேவைப்படவில்லை, மெனுவில் ஒரு வரி.

அந்த நாட்களில் இங்கே கணினி எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறம்பொடைக்குக் கீழே கொத்மலைச் சமூக வானொலி, யுனெஸ்கோ உதவியோடு இணையத்தை வானொலியோடு சேர்க்கிற திட்டத்தைத் தொடங்கியது அதே 90களின் கடைசியில்தான். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பில் பதில் சொல்வார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு கணினி என்ற காலம். சொந்தமாக வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் பாகம் பாகமாக விலை கேட்டுப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். 149க்கும் 669க்கும் இடையில் இருந்த 520 டொலர் மலையகத்தில் எவ்வளவு பெரிய காசு என்று நான் விளக்கத் தேவையில்லை. வேகத்தைக் கூட்டுவதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். பிறந்தபோது அது கையில் காசில்லாதவரின் வழியாகவே இருந்தது.

சொஃப்ட்வெயார் வழியும் அதே காலத்துக் குழந்தை. தாளம் பிறப்பிக்கிற சிப்புக்கு பயோஸ் உத்தரவு போடுவது இரண்டே கம்பி கொண்ட ஒரு சின்னப் பாதையில். அந்தப் பாதை மெஷின் எழும்பிய பிறகும் திறந்தே கிடந்தது. அப்படியென்றால் வின்டோஸுக்குள் இருந்துகொண்டே உத்தரவு போடலாமே என்று ஜப்பானில் எச். ஓடா என்பவர் சொஃப்ட்எஃப்எஸ்பி என்ற நிரலை எழுதினார். பின்னாளில் செட்எஃப்எஸ்பி போன்றவை வந்தன. பாவிப்பவர் முதலில் கேஸைத் திறந்து, கிறிஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கிற தாளச் சிப்பின் முதுகில் எறும்பு ஊர்ந்தது போல எழுதியிருக்கிற பெயரை வாசிக்க வேண்டும். நிரலில் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடித் தெரிவு செய்து, இப்போதைய தாளத்தை வாசித்து, கோட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்து, சரி என்று அமுக்க வேண்டும். பெயரை மாற்றித் தெரிவு செய்தால் அந்த இடத்திலேயே மெஷின் உறைந்துவிடும்.

உறைந்தால் என்ன? நிறுத்திப் போட்டால் பழையபடி. பயோஸ் மறுபடி தன் எண்களையே எழுதிவிடும். அந்த மறதிதான் சொஃப்ட்வெயார் வழியின் பலம், குறையும் அதுவே. சோதித்துப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வின்டோஸ் எழும்பிய பிறகுதான் வேகம் வரும், லினக்ஸ் போட்டால் வராது. தானாகவே ஓடும்படி வைத்துவிட்டு எண்ணும் பிழையாகப் போனால், எழும்புவதும் உறைவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்; சேஃப் மோடில் போய் அந்த நிரலைக் கழற்றும் வரைக்கும் விடுதலை இல்லை.

2000இல் ஏஎம்டியின் அத்லோன், டியூரோன் சிப்புகளில் ஒரு சின்னக் கிளைக்கதை நடந்தது. பெருக்கியின் பூட்டு, சிப்பின் பீங்கான் மேல்தட்டில் எல்1 என்று குறித்த சின்னச் சின்னப் பாலங்களாக இருந்தது, வெட்டிவிட்ட பாலங்கள். பென்சிலைக் கூராகச் சீவி அந்த இடைவெளிகளில் தேய்த்தால் காரீயம் கரண்டைக் கடத்தும், பூட்டு திறந்துவிடும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நம் நாடு கட்டி கட்டியாக வெட்டி எடுக்கிற அதே காரீயம். அடுத்து வந்த அத்லோன் எக்ஸ்பீயில் பாலங்களுக்கு நடுவில் குழி விழும்படி லேசரால் வெட்டினார்கள், பென்சில் பலிக்கவில்லை.

2011 ஜனவரியில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது தாளச் சிப்பே தனியாக இல்லாமல் போனது. அது போர்டின் முக்கியச் சிப்புக்குள் அடங்கி, 100 மெகாஹேர்ட்ஸில் எல்லாவற்றோடும் பிணைந்தது. சில மெகாஹேர்ட்ஸ் அசைத்தாலே மற்ற வழிகள் தடுமாறும். பெருக்கி மட்டும்தான் மிச்சம். அதையும் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்துப் போட்ட, கொஞ்சம் விலை கூடிய சிப்புகளில்தான் முழுதாகத் திறந்துவிட்டார்கள். 1998இல் மலிவான சிப்பை வாங்கியவருக்குக் கிடைத்ததை 2011இல் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சொஃப்ட்வெயாரையும் கம்பனிகளே கொடுத்தன: இன்டெல்லின் எக்ஸ்டீயூ, 2017இலிருந்து ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர். ஆனால் அவை நுழைகிற கதவை பயோஸ் திறந்து வைத்தால்தான் உண்டு. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் "பிளண்டர்வோல்ட்" என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். வின்டோஸிலோ லினக்ஸிலோ முழு அதிகாரம் பெற்ற ஒரு நிரல் வோல்டேஜைச் சரியான அளவில் குறைத்தால், புரொசெசர் பெருக்கல் கணக்கைப் பிழையாகப் போடும். அந்தப் பிழை வழியாக, பூட்டி வைத்த இரகசியங்களைக் கறக்கலாம். இன்டெல் அந்தக் கதவைச் சாத்த பயோஸ் திருத்தம் கொடுத்தது. சூட்டைக் குறைக்க வோல்டேஜை இறக்கிப் பாவித்த எத்தனையோ மடிக்கணினிக்காரர்களுக்கு, அப்டேட் போட்ட மறுநாள் அந்த வசதி இல்லை.

2024இல் திரும்பவும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்புகள் காரணம் தெரியாமல் விழத் தொடங்கின. பல போர்டுகளின் பயோஸ் ஆரம்பத்திலேயே இன்டெல் சொன்ன அளவுக்கு மேல் மின்சாரத்தைத் திறந்து வைத்திருந்தது. சிப்புக்குள் இருந்த நுண்கட்டளையும் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது. ஓகஸ்ட்டில் திருத்தம் பயோஸ் அப்டேட்டாக வந்தது. வின்டோஸுக்குள் எந்த நிரலைப் போட்டும் அதைச் சரியாக்கியிருக்க முடியாது.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வரலாம். முதலில் சிப்பின் பெயரைப் பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எண்ணுக்குப் பின்னால் கே இருக்க வேண்டும், போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின்களில் பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை. அவற்றில் பயோஸுக்குள் போனாலும் சொஃப்ட்வெயார் போட்டாலும் ஒன்றும் நடக்காது. ரைசன் டெஸ்க்டொப் சிப்புகளில் பெரும்பாலானவை திறந்தவை, ஆனால் ஏ320 போர்ட் கூட்ட விடாது. பூட்டிய மெஷின் வைத்திருப்பவர் அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் கிடைக்கிற சுறுசுறுப்பு, எந்தக் கூட்டலிலும் கிடைக்காது.

திறந்த சிப் என்றால் சூட்டுக் கணக்கை மறக்கக் கூடாது. சிப் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி வோல்டேஜைப் பத்து வீதம் ஏற்றினால் சூடு 1.8 மடங்கு. நம் குளிர் இதற்கு உதவும் என்று எல்லோரும் சொல்வார்கள், உதவும்தான். ஆனால் நுவரெலியா உயரத்தில் காற்று கொழும்பை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிது, அதே ஃபேன் அங்கே குறைவான காற்றையே தள்ளும். இறம்பொடையில் அவ்வளவு இல்லை. இங்கே எனக்குப் பெரிய கவலை ஈரம் ஏறிய தூசியும், மாலையில் விளக்கு மங்குகிற கரண்டும். அளவின் விளிம்பில் ஓடுகிற மெஷின் கரண்ட் சரியும்போது முதலில் விழும்.

என் பதில் இதுதான் தம்பி: மெஷின் எவ்வளவு தாங்கும் என்று தேடுவது சொஃப்ட்வெயாரில், நிரந்தரமாக வைப்பது பயோஸில். நினைவகத்தின் வேகத்தை மட்டும் நேராக பயோஸிலேயே மாற்றுங்கள். மெஷின் எழும்புகிற நேரத்தில்தான் நினைவகத்தோடு தாளம் பொருத்திப் பார்க்கப்படுகிறது. உள்ளே போகுமுன் பழைய பக்கத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பாரம் கொடுத்து மணிக்கணக்கில் ஓடவிட்டு, சூட்டை எழுதி வையுங்கள். எழும்பாமல் போனால் பதற வேண்டாம், கரண்டைக் கழற்றி, போர்டில் சிஎல்ஆர் சிமோஸ் என்று குறித்த இரண்டு ஊசியையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் சில செக்கன் தொட்டுப் பிடியுங்கள். வோல்டேஜை ஏற்றுவது கடைசி. இறக்கிப் பார்ப்பதற்கு பயோஸ் இடம் கொடுத்தால் அதை முதலில் செய்யுங்கள். சூடு குறைந்தாலே, இன்றைய சிப்புகள் நீங்கள் சொல்லாமலே தங்கள் வேகத்தைக் கூடுதல் நேரம் மேலே பிடித்துக்கொண்டு ஓடும்.